மத்தியானம் மட்டும் குளிர்கிற ஊர்

அத்தியாயம் 4

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே வாயாடிக்குப் பல் தந்தியடித்தது.

"அண்ணி, இது இயக்குநர் ரூமா, பிணவறையா?"

"வாயை மூடு. கேட்டுத் தொலைக்கப்போறார்."

"மூடினா அப்படியே உறைஞ்சு ஒட்டிக்கும் அண்ணி. அதான் ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

அண்ணி முறைத்தாள். அந்த முறைப்பு வாயாடிக்குப் பழகிப்போனது. அண்ணி அவளுடைய நாத்தனார், கட்டினவனுக்கு அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லி இழப்பீடு கேட்கிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். ஒரு நாள் தெரியாத்தனமாக மேலதிகாரியின் மைத்துனனையே பிடித்துவிட்டாள், வேலை போயிற்று. பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்து, கூட ஒரு ஆள் வேண்டுமென்று தம்பி பொண்டாட்டியை இழுத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் கைகட்டி வேலை பார்ப்பதா என்று சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் வாயாடிக்காக உச்சுக்கொட்டினார்கள். வாயாடிக்கு என்னவோ அது வசதியாகத்தான் இருந்தது. வீட்டில் கேள்வி கேட்டால் வாய்த்துடுக்கு, இங்கே கேட்டால் விசாரணை.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மின்வாரியத்தின் இயக்குநர். ஊரே விசிறிக்கொண்டு கிடக்கும் கோடையில் மனுஷன் கம்பளிக் கோட்டு போட்டு, கழுத்துப் பித்தான்வரை மாட்டியிருந்தார். உள்ளே நுழைந்த நிமிஷத்திலேயே வாயாடி அவருக்குக் கோட்டு சார் என்று பேர் வைத்துவிட்டாள்.

"விஷயம் ரொம்ப சுலபம்மா," என்றார் கோட்டு சார். "வெயில் ஏறினா ஃபேனு, ஏசி எல்லாம் ஓடும். கரண்ட் அதிகம் வேணும். எவ்வளவு வேணும்னு முன்னாடியே கணிச்சு, மத்தியானம் ஒரு மணிக்கு நாங்க வெளியிலிருந்து வாங்கிடணும். அந்தக் கணிப்பைப் போடத்தான் இந்த சிஸ்டம். ஒரே பெரிய கம்ப்யூட்டர் கிடையாது. பன்னிரண்டு துணைமின் நிலையம், பன்னிரண்டு மெஷின். ஒவ்வொண்ணும் அது அது பேட்டையோட வெப்பத்தை அளந்து, தானே கணக்குப் போட்டு இங்கே அனுப்பும்."

"கூட்டுக்குடும்பம் மாதிரி," என்றாள் வாயாடி. "ஆளுக்கொரு சமையல், கணக்கு மட்டும் மாமியார்கிட்ட."

கோட்டு சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். மூன்று மாதக் கணிப்பு கோடாக ஓடியது. காலையில் ஏறும், மத்தியானம் தொபுக்கடீரென்று விழும், சாயங்காலம் மறுபடி ஏறும்.

"பாருங்க. உச்சி வெயில்ல ஊரே குளிருதுன்னு சொல்லியிருக்கு. இவ்வளவு நாள் பக்கத்து வாரியத்துக்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி அவசரத்துக்கு வாங்கிச் சமாளிச்சோம். போன வாரம் அவங்ககிட்டேயும் இல்லை. ஊர் பூரா கரண்ட் போச்சு. குளிர்பதனக் கிடங்குல குழந்தைகளுக்கு வெச்சிருந்த தடுப்பு மருந்து அத்தனையும் பாழ்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வாக்கியத்தில் சரியாகிவிட்டது.

"சிஸ்டத்தை வடிவமைச்ச ப்ரோக்ராமர் பொண்ணு வேலைதான் இது. கான்ட்ராக்ட்டை நீட்டிக்கலைன்னு காழ்ப்பு. வெளியில இருந்துக்கிட்டே பாஸ்வேர்டு போட்டு நுழைஞ்சு வெப்பத்தைக் குறைச்சிருக்கா. கரண்ட் போன மறுநாள் காலையில அவ பாஸ்வேர்டை வெட்டினேன். அன்னியிலிருந்து கணிப்பு எல்லாம் சரி. இதைவிட ஆதாரம் வேணுமா? நாலு மணிக்குப் பக்கத்து ஹால்ல பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அவ பேரை அறிவிச்சு, அப்படியே போலீசுக்கு அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி வாரியத் தலைவர் வருவார். வெளி ஆள் ஒருத்தரோட அறிக்கை இருந்தா நல்லதுன்னு சொன்னார். நீங்க எழுதிக் கொடுத்தா முடிஞ்சது."

"எங்க கையெழுத்து மட்டும் போதுமா சார், இல்லை மூளையும் சேர்த்து வேணுமா?" என்றாள் வாயாடி.

அண்ணி எழுந்து திரைக்கு அருகே போனாள். கணிப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், ஞாயிற்றுக்கிழமை விழலையே."

"என்ன?"

"ஒரு ஞாயிறுகூட மத்தியானம் விழலை. அரசு விடுமுறைக்கும் விழலை. வேலை நாள்ல மட்டும்தான் விழுது. பழிவாங்கறவ வாரத்துல ஏழு நாளும் பழிவாங்கலாமே. எதுக்கு லீவு எடுக்கறா?"

"சம்பளமில்லாத நாச வேலை பாருங்க," என்றாள் வாயாடி. "ஓய்வாவது வேண்டாமா?"

கோட்டு சார் திருதிருவென்று விழித்தார். அண்ணி இன்னொரு இடத்தில் விரலை வைத்தாள். போன மாதத்தில் ஒரு புதன்கிழமை. விடுமுறை கிடையாது, ஆனாலும் கோடு விழாமல் ஒழுங்காகப் போயிருந்தது.

"இது என்ன புதன்?"

"யாருக்குத் தெரியும்! மெஷின்னா முன்னே பின்னே இருக்கும்."

வாயாடி இதற்குள் அறையைச் சுற்றி வந்துவிட்டாள். புதுசாக இழைத்த மரக் கூரை, கண்ணாடி ஜன்னல், எங்கே பார்த்தாலும் பளபளப்பு. ஏக்கர் கணக்கில் சுவர் காலியாகக் கிடக்க, 'சிறந்த நிர்வாகி' என்ற சான்றிதழ் ஒன்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஸ்விட்ச் போர்டை ஒட்டி, இடுப்பு உயரத்தில் தொங்கியது. குனிந்துதான் படிக்க முடியும்.

"ஏன் சார் இவ்வளவு கீழே? தவழ்ந்து வர்றவங்க படிக்கவா?"

"மூணு மாசம் முன்னாடி ரூமை மாத்திக் கட்டினோம். எல்லாம் இன்னும் சரியா மாட்டலை. நீங்க வந்த வேலையைப் பாருங்க," என்றார் கோட்டு சார், வெடுக்கென்று.

அவர் கதவுக்கு வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு. அதில் ப்ரோக்ராமர் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அழுது ஓய்ந்த முகம். தப்பித்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். அவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ செஞ்சியா?"

"இல்லைங்க."

"சரி. மெஷினுக்கு என்னென்ன வேணும்னு கேட்டே? ஹார்டுவேர்லேர்ந்து சொல்லு, எனக்குப் புரியற மாதிரி."

இப்படி ஒருத்தர் கேட்டே பல நாளாயிற்று போலும், அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அது சூடாகாம இருக்க ஏசி ரூம். கரண்ட் போனா தாங்கறதுக்கு பேட்டரி. மொட்டை மாடியில நிழல் கூட்டுக்குள்ள ஒரு வெப்பமானி. ரெண்டு பெரிய ப்ளக்பாயின்ட் கேட்டேன். இயக்குநர் ஒண்ணு போதும்னு வெட்டிட்டார்."

"மின்சார ஆபீஸ்ல ப்ளக்பாயின்ட்டுக்குப் பஞ்சம்," என்றாள் வாயாடி. "வெளங்கிடும்."

"சாஃப்ட்வேர்?" என்றாள் அண்ணி.

"ஒரு நிலையம் பேசலைன்னா, கணக்கு நிக்கக்கூடாது. அதனால அந்தப் பேட்டைக் கணக்கைத் தலைமை ஆபீஸ் மெஷினே போட்டுடும், பக்கத்து நிலையத்தோட வெப்பத்தைக் கடன் வாங்கிக்கும். அதுவும் பேசலைன்னா அடுத்தது. யாருமே இல்லைன்னா கடைசியா இந்தத் தலைமை ஆபீஸோட வெப்பம். இங்கேயும் ஒரு வெப்பமானி இருக்கு. இது மட்டும் நிக்கவே நிக்காது."

"பன்னிரண்டும் ஒரே நேரத்துல பேசலைன்னா?"

"அது எப்படிங்க? வேற வேற இடம், வேற வேற லைன். அதுக்குத்தானே பரப்பி வெச்சதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினாள். "எங்க தெருவுல என் பொண்ணோட இப்ப யாரும் விளையாடறதில்லை. குழந்தைங்க மருந்தைக் கெடுத்தவ பொண்ணாம். இன்னும் அது புரளிதான். நாலு மணிக்கு அந்த மைக்ல என் பேரைச் சொல்லிட்டா, அப்புறம் நான் ஜெயிலுக்குப் போனா என்ன, போகாட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு."

அண்ணி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"ஸ்கூட்டரை எடு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு நிலையத்துக்குப் போயாகணும்."

"பசிக்குதா அண்ணி?"

"எனக்கில்லை. வேலை நாள்ல மட்டும், மத்தியானம் மட்டும், எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல நடக்கற விஷயம் ஆபீஸ்ல வேற என்ன இருக்கு?"

அருகிலிருந்த துணைமின் நிலையத்தில் ஈ காக்காய் இல்லை. மேஜை நாற்காலி போட்டிருந்த தடம்தான் இருந்தது, மேஜை நாற்காலியைக் காணோம். ஒரு கதவில் 'கம்ப்யூட்டர் அறை, அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. அண்ணி திறந்தாள்.

ஆபீஸ் முழுக்க உள்ளே இருந்தது. மேஜை, அலமாரி, குடிதண்ணீர் ஜாடி, அதிகாரி, குமாஸ்தாக்கள், மூலையில் ஒரு பாய்கூட. நடுவில் ஏசி ஜில்லென்று ஓடியது. யாருக்காக இந்த அறையைக் கட்டினார்களோ அந்தக் கம்ப்யூட்டர் கதவோரம் ஒரு முக்காலியில், தலையில் ஒரு பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"மெஷினுக்குக் குளிர்ச்சி வேணும்னு சொன்னாங்க," என்றார் நிலைய அதிகாரி, யாரும் கேட்காமலே. "அதோட குளிர்ச்சியை நாங்க ஒண்ணும் எடுத்துக்கலை. கூட உட்கார்ந்திருக்கோம், அவ்வளவுதான்."

"தப்பே இல்லை சார்," என்றாள் வாயாடி. "தனியா இருந்தா அதுக்கும் போரடிக்குமே."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்தார்கள். டப்பாக்கள் வரிசையாக வந்தன. ஒரு குமாஸ்தா மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கி வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். சுவரில் இருந்தது ஒரே ஒரு பெரிய ப்ளக்பாயின்ட். கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார், அடுப்பைச் சொருகினார். கீழே இருந்த பேட்டரி கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அவர் குனிந்து அதன் பொத்தானை அமுக்கி அணைத்தார். கம்ப்யூட்டரும் கண்ணை மூடிக்கொண்டது.

"அதை ஏங்க அணைக்கறீங்க?" என்றாள் அண்ணி.

"கத்துதும்மா. பக்கத்துல இப்படிக் கத்தினா சோறு தொண்டையில இறங்குமா?"

"எப்ப மறுபடி போடுவீங்க?"

"சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ஞ்சு எழுந்து. எப்படியும் மூணுக்குள்ள போட்டுடுவோம். நாங்க ரொம்பப் பொறுப்பு."

"எல்லா நிலையத்துலயும் இப்படித்தானா?"

நிலைய அதிகாரி நிமிர்ந்தார். அவர் முகத்தில் பெருமை பொங்கியது. "கண்டுபிடிச்சது நாங்கம்மா! மத்தவனெல்லாம் எங்களைப் பார்த்துக் காப்பியடிச்சான். மெஷின் வந்த முதல் வாரத்துல ஆரம்பிச்சது. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது."

வாயாடிக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கேஸ் முடிந்துவிட்டது! ஆனால் அண்ணியின் முகம் தெளியவில்லை. மாடிக்குப் போக வழி கேட்டாள். மேலே நிழல் கூட்டுக்குள் வெப்பமானி பத்திரமாக இருந்தது. கூட்டின் மேல் காக்காய்கள் இரண்டு வருஷமாக எச்சமிட்டு வெள்ளையடித்திருந்தன. அண்ணி அதையே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா எச்சத்துல என்ன அண்ணி ஆராய்ச்சி? கிளம்புங்க, அந்தப் பொண்ணுகிட்ட நல்ல சேதி சொல்லலாம்."

"அரைக் கிணறுதான் தாண்டியிருக்கோம். ரெண்டு வருஷமா மெஷினைப் புடுங்கிட்டுத்தான் சாப்பிடறாங்க. கணிப்பு கெட்டுப்போனது மூணு மாசமாத்தானே? முன்னாடியெல்லாம் ஏன் கெடலை?"

வாயாடி கையில் எடுத்த ஸ்கூட்டர் சாவியை மறுபடி பைக்குள் போட்டாள்.

கீழே வந்ததும் அண்ணி நிலைய அதிகாரியிடம் அந்தப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் மெஷினைப் பிடுங்காமல் விட்டார்களா?

"நல்லா கேட்டீங்க! அன்னிக்குத்தான் எங்க குமாஸ்தாவுக்குப் பிரிவுபசாரம். எல்லா நிலையத்து ஆளும் இங்கே வந்துட்டாங்க. அங்கங்கே மெஷினை அணைச்சுட்டு வந்தவங்க சாயங்காலம்தான் போய்ப் போட்டாங்க. அப்படி ஒரு விருந்து!"

மற்றப் பதினோரு நிலையங்களுக்கும் அண்ணி போன் போட்டுக் கேட்டாள். எல்லோரும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஆமாம் என்றார்கள். இன்றைக்கும் எல்லா மெஷினும் தூக்கத்தில்தான் இருந்தது. அப்புறம் ப்ரோக்ராமருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"பன்னிரண்டும் ஒரே நேரத்துல செத்தா என்ன பண்றதுன்னுகூட யோசிச்சேங்க," என்றாள் ப்ரோக்ராமர். "ஒரே நேரத்துல சாப்பிட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கலை."

"இன்னிக்குக் கணிப்பு எப்படி வந்திருக்கு?"

"கணக்கா வந்திருக்கு. கதவு இடுக்கு வழியா ரூம் திரை இங்கேருந்தே தெரியுது."

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றபோது வாயாடி தலையைத் திருப்பினாள். "எனக்குத் தலை சுத்துது அண்ணி. சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினும் படுத்துடுது. அப்ப எல்லாப் பேட்டைக் கணக்கும் தலைமை ஆபீஸ்கிட்ட வெப்பத்தைக் கடன் வாங்குது. சரியா?"

"சரி."

"ரெண்டு வருஷமா நல்ல கடன் வந்துச்சு. மூணு மாசமா கள்ள நோட்டு வந்துச்சு. புதன்கிழமை ஒரு நாள் நல்ல நோட்டு. போன வாரத்துலேர்ந்து மறுபடி நல்ல நோட்டு."

"அப்ப யாரைப் போய்ப் பார்க்கணும்?"

"வாங்கினவனை விட்டுட்டு, கொடுத்தவனை," என்று வாயாடி ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும் முன்பே ஸ்கூட்டர் பறந்தது.

தலைமை அலுவலகத்து மொட்டை மாடியிலும் நிழல் கூடு இருந்தது. ஆனால் பளிச்சென்று பெயின்ட் மின்னியது. திருகாணிகள் புதுசு. பெயருக்குக்கூட ஒரு எச்சம் இல்லை.

"இந்த ஆபீஸுக்குள்ள வர காக்காய்க்கும் பாஸ் வேணும்போல," என்றாள் வாயாடி. வெப்பமானியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே கைப்பிடிச் சுவர்வரை போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். ஒயர் இறங்கி, நேரே ஒரு கண்ணாடி ஜன்னலுக்குள் நுழைந்தது. அந்த ஜன்னலுக்கு உள்ளே கம்பளிக் கோட்டு ஒன்று உலாவிக்கொண்டிருந்தது.

வாரியத் தலைவர் வந்துவிட்டிருந்தார். வயதானவர். இயக்குநர் அறைக்குள் நுழைந்ததுமே கைகளைத் தேய்த்துக்கொண்டார். அண்ணி ப்ரோக்ராமரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

"இவளை எதுக்கு இங்கே..." என்று ஆரம்பித்தார் கோட்டு சார்.

"குற்றவாளி முன்னாடிதானே அறிக்கை கொடுக்கணும்?" என்றாள் அண்ணி. சாப்பாட்டு மைக்ரோவேவ் கதையை அவள் தலைவரிடம் சொன்னபோது கோட்டு சாருக்கு நிம்மதி வந்துவிட்டது. மேஜையைத் தட்டினார்.

"கேவலம்! அத்தனை பேரையும் சஸ்பெண்டு பண்றேன்!"

"பண்ணுங்க. ஆனா அவங்க புடுங்கினதால கணக்கு நிக்கலை சார், கடன் வாங்கித்தான் ஓடிச்சு. நீங்க பாஸ்வேர்டை வெட்டினதால சரியாச்சுன்னு சொன்னீங்க. இன்னிக்கும் பன்னிரண்டு மெஷினையும் புடுங்கிட்டுத்தான் சாப்பிட்டாங்க, இன்னிக்கும் கணிப்பு சரியா இருக்கு. அப்ப மாறினது பாஸ்வேர்டு இல்லை. தலைமை ஆபீஸ் வெப்பமானி காட்டினதை மட்டும் தனியா திரையில போடச் சொல்லுங்க."

ப்ரோக்ராமர் விசைப்பலகையருகே போய் நின்றாள். "எனக்குப் பாஸ்வேர்டு இல்லைங்க."

"உங்களுதைப் போடுங்க," என்றார் தலைவர், இயக்குநரைப் பார்த்து.

கோட்டு சார் இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது தடவை சரியாக அடித்தார். திரையில் ஒரு கோடு மட்டும் வந்தது. வாயாடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தலைவர் ஐயா, இந்த மொட்டை மாடியைப் பாருங்க! காலையில ஆபீஸ் திறந்ததும் ஜில்லுன்னு ஆகுது. உச்சி வெயில்ல நடுங்குது. சாயங்காலம் இயக்குநர் சார் வீட்டுக்குக் கிளம்பினதும் சூடாகுது. ஞாயிற்றுக்கிழமை நாள் பூரா வேகுது. சூரியனுக்கே சார்தான் உத்தரவு போடறார்."

"போன மாசம் அந்தப் புதன்கிழமை நீங்க எங்கே இருந்தீங்க சார்?" என்றாள் அண்ணி.

"அது... மச்சினர் வீட்டு விசேஷம். லீவு."

"அதான் அன்னிக்கு ரூமைப் பூட்டி ஏசியை அணைச்சிருந்தாங்க. கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் இறங்கி ரூமும் ஊர் மாதிரியே கொதிச்சுது. ஊரோட கணிப்பு சரியா வந்த ஒரே வேலை நாள் நீங்க வேலைக்கு வராத நாள்."

தலைவரின் புருவம் ஏறியது. வாயாடி குனிந்து, இடுப்பு உயரத்தில் தொங்கிய 'சிறந்த நிர்வாகி'யைக் கழற்றினாள். பின்னால் இரண்டு திருகாணி ஓட்டை. நடுவில் ஒயர் வந்த துளை. சுற்றிலும் சுவரில் ஒரு வெப்பமானி அளவுக்கு நிறம் மாறிய தடம்.

"ரூமைக் கட்டும்போது வெப்பமானியை மாடியிலேர்ந்து எடுத்து இங்கே மாட்டிட்டாங்க," என்றாள் அண்ணி. "மறுபடி மேலே கொண்டுபோகணும்னா புது மரக் கூரையில ஓட்டை போடணும். சார் சம்மதிச்சிருக்க மாட்டார். ஊருக்கே இந்த ரூம் வெப்பம்தான்னு கணக்குப் போட்டுது மெஷின்."

கோட்டு சார் முகத்தில் ஈயாடவில்லை. மென்று முழுங்கினார். "வெப்பமானி எங்கே இருந்தா என்னன்னு... எனக்கு அதோட விளைவு தெரியாது. தெரியாம நடந்த தப்பு."

"மாட்டினது தெரியாம. சரி, ஒத்துக்கறேன்," என்றாள் அண்ணி. அவள் குரல் உயரவில்லை. "கரண்ட் போன மறுநாள் காலையில கழட்டினது? பெயின்ட் அடிச்சு மாடிக்குக் கொண்டுபோய், ஒயரைக் கூரையைத் தொடாம ஜன்னல் வழியா இழுத்தது? ஓட்டை தெரியாம இருக்க சான்றிதழை மாட்டினது? அதே காலையில இந்தப் பொண்ணோட பாஸ்வேர்டை வெட்டி, அதனாலதான் சரியாச்சுன்னு கதை கட்டினது? இதெல்லாமும் தெரியாமத்தானா? மருந்து பாழானது யாராலன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும் சார்."

"உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்!" என்று கத்தினார் கோட்டு சார்.

"குற்றவாளியைக் காட்டத்தான். காட்டியாச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பக்கத்து ஹாலில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க," என்றார் கடைசியில். "இப்ப இதை ஊதிப் பெரிசாக்கினா வாரியத்துக்கே அசிங்கம். தொழில்நுட்பக் கோளாறுன்னு அறிவிச்சுடுவோம். யார் பேரும் வேண்டாம். இவர் விஷயத்தை உள்ளுக்குள்ள பார்த்துக்கலாம். இந்தம்மாவுக்கும் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிச்சுடலாம். என்னம்மா, சந்தோஷம்தானே?"

கோட்டு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயாடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ப்ரோக்ராமர் பேசிவிட்டாள்.

"நான்னு நினைச்சப்ப கோளாறு இல்லையா ஐயா?"

தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வாரமா குழந்தைங்க மருந்தை நாசம் பண்ணினவன்னு என்னைச் சொன்னீங்க. அப்ப யாரும் தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லலை. உள்ளுக்குள்ள பார்த்துக்கலாம்னும் சொல்லலை. மைக் வெச்சீங்க, ஹால் பிடிச்சீங்க, போலீசுக்கு அனுப்பறோம்னீங்க. இப்ப இவர்னு தெரிஞ்சதும் பேரு வேண்டாமா?" அவள் குரல் பதறவில்லை. "பேரே சொல்லாம விட்டா, எங்க தெருவுக்கு நான்தான் அது. சாகிறவரைக்கும் நான்தான். உங்க கான்ட்ராக்ட் எனக்கு வேண்டாம். சிஸ்டத்தை நாளைக்கே வந்து சும்மா சரி பண்ணிக் கொடுக்கறேன். யாரும் பேசலைன்னா கடன் வாங்காதே, சத்தம் போடுன்னு மாத்தி எழுதணும், அவ்வளவுதான். ஆனா என் மேல போட்ட பழியைப் போட்டவரே எடுக்கணும். அதே மைக்ல."

"அறிக்கை ரெண்டு பிரதி போட்டிருக்கேன் ஐயா," என்றாள் அண்ணி, கைப்பையைத் தட்டி. "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு ஹாலுக்கு. அவர் பேசினா அது பைக்குள்ளயே இருக்கும்."

அண்ணி ஒரு பிரதிகூட எழுதவில்லை என்பது வாயாடிக்குத் தெரியும். பையில் குடையும் சீப்பும்தான் இருந்தன. வாயாடி பயபக்தியோடு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "வாய்யா," என்றார் இயக்குநரைப் பார்த்து. அதுவரைக்கும் அவரிடம் 'நீங்க' போட்டுப் பேசியவர்.

ஹாலில் ஏசி இல்லை. நாற்காலிகள் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கோட்டு சார் மைக்குக்கு முன்னால் வந்தபோது நெற்றியிலிருந்து வியர்வை கோட்டுக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டுமென்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ப்ரோக்ராமர் முன்வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் அண்ணியும் வாயாடியும்.

"போன வாரம் நடந்த மின்தடைக்கு," என்று ஆரம்பித்தார் கோட்டு சார், "வடிவமைப்பாளர் காரணமில்லை. ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அது வருந்தத்தக்கது. நன்றி."

இறங்கப் போனார்.

"யார் செஞ்ச தவறு?" என்றாள் ப்ரோக்ராமர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பின, பிறகு அவர் பக்கம் திரும்பின. கோட்டு சார் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணி கைப்பையின் ஜிப்பை மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்தாள்.

"நான்," என்றார் கோட்டு சார்.

"பின்னாடி கேட்கலை சார்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கத்தினார்.

அவர் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை ஹாலுக்கு வெளியே, நடைவழியில், தெருவில் நின்றிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ப்ரோக்ராமர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் முழுப் பெயரையும் பதவியையும் சொல்லி முடிக்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.